மலை இல்லாத பீஸ்கள்

"இங்க பாரு காவியா. இதுல மலை எங்க?"

ஹரீஷ்குமார் சார் திரைமேல் நகத்தால் தட்டினார். சிவப்புக் கோடு இடது ஓரத்தில் கிளம்பி, கொஞ்சமாக மேலே எழுந்து, பிறகு யாரோ ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போய் வலது ஓரத்தில் விழுந்திருந்தது.

"இல்லீங்க சார்."

"அடுத்தது?"

"இதுலயும் இல்லீங்க."

"எல்லாமே பூங்கொடி போட்ட பீஸ். எல்லாமே லஞ்சுக்கு அப்புறம். காலைல கரெக்டா பண்றாங்க. வயிறு ரொம்புனதும் கை தூங்கிடுது போல."

அவர் சிரித்தார். சார் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவது காவியாவுக்குப் பழக்கம். சிரித்தாள்.

"அழுத்தாமலே கையால தள்ளி உக்கார வெச்சிட்டு, அழுத்தியாச்சுன்னு பெயிண்ட் பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க. பிரேக்குல போற பீஸ் இது. திங்கக்கிழமைல இருந்து அவங்க வேணாம்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை கஸ்டமர் வராங்க, அதுக்குள்ள இந்தத் தலவலி முடியணும்." கதவைத் திறந்தவர் திரும்பி, "உன் கிராஃப் இல்லன்னா இது தெரிஞ்சே இருக்காது. குட் ஜாப்" என்றார்.

கண்ணாடிக் கதவு மூடியதும் லைனின் இரைச்சல் பட்டென்று நின்றுபோனது. அந்த அறை அப்படித்தான். வெளியே ஐம்பது பேர் வாயசைப்பார்கள், இரும்பு விழும், டிராலி ஓடும். உள்ளே ஏசியின் முனகல் மட்டும் கேட்கும்.

ஓசூர் சிப்காட்டின் பின்வரிசையில் இருந்தது அந்தக் கம்பெனி. வண்டி பிரேக்குக்கான அலுமினியக் கூட்டுக்குள், ஹவுசிங் என்பார்கள், சின்னக் குழாய்த்துண்டு மாதிரி ஒரு பித்தளைப் புஷ்ஷை வைத்து பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றுவார்கள். துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால் கையால் தள்ளினாலும் புஷ் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிடிமானம் இருக்கிறதா என்பது, அழுத்தும்போது எவ்வளவு விசை ஏறியது என்று பார்த்தால்தான் தெரியும். பிரஸ்ஸின் தலையில் ஒரு சென்சார் அதை அளக்கும். பக்கத்தில் உள்ள சாம்பல் நிறப் பெட்டி ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான எண்களை ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கண்ணாடி அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை வாங்கிக் கோடாக வரைந்து சேர்த்துவைக்கும் புரோகிராமை எழுதியது காவியா.

டிப்ளமா முடித்து டிரெயினியாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. பத்தொன்பது வயது இன்னும் நிறையவில்லை. ஊர் அஞ்செட்டிப் பக்கம். பஸ்ஸை நம்பி தினமும் வந்துபோக முடியாது என்று ஹாஸ்டலில் இருந்தாள். சேர்ந்த புதிதில் அந்தக் கண்ணாடி அறைக்கு யாரும் வரமாட்டார்கள். டீ வண்டிகூட அதைத் தாண்டிப் போய்விடும். காலையில் கேட்டில் செக்யூரிட்டிக்கு வணக்கம் சொன்னால், சாயங்காலம் அதே செக்யூரிட்டியிடம் "வர்றன் அண்ணா" என்பதற்குத்தான் அடுத்த முறை வாய் திறப்பாள்.

கிராஃப் வந்த பிறகு அது மாறியது. ஒரு பீஸை அழுத்தினால் திரையில் ஒரு மலை எழும். முதலில் அடுத்த பீஸ் வந்ததும் பழைய மலையை அழித்துவிடத்தான் எழுதியிருந்தாள். ஒருநாள் அழிக்க மறந்துபோய், மலைக்குப் பின்னால் மலையாக, நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டு போனது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் பஸ் ஜன்னலில் தெரிவதுபோலவே இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள். லைன் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் அதைப் பார்க்க வந்தார். அவர் சொல்லி மற்றவர்களும் வந்தார்கள்.

"இன்னாம்மா அஞ்செட்டி, இன்னிக்கி எத்தினி மலய நட்ட?" என்று தினமும் ஒருமுறை கதவைத் திறந்து கேட்டுவிட்டுப் போவார் அவர். அந்தக் கேள்விக்காக அவள் காலையிலிருந்து காத்திருப்பாள்.

இப்போது அவள் கண்ணாடி வழியாகப் பூங்கொடியைப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். கை ஓடுவதைப் பார்த்தால் கண் வலிக்கும். இடது கை ஹவுசிங்கை வைக்கும்போதே வலது கை புஷ்ஷை வைத்திருக்கும். இரண்டு கையும் பட்டன்களுக்குப் போகும். பிரஸ் இறங்கும், ஏறும். பீஸ் வெளியே, அடுத்தது உள்ளே. இந்தக் கையா தூங்குகிறது?

பூங்கொடி அழுத்தி முடித்த பீஸை எடுத்து டிரேயில் வைத்தாள். காவியா திரையைப் பார்த்தாள். மலை இன்னும் பாதிதான் ஏறியிருந்தது.

மறுபடி வெளியே பார்த்தாள். பூங்கொடி அடுத்த பீஸை அழுத்தி எடுத்தாயிற்று. திரையில் முந்தின பீஸின் மலை இப்போதுதான் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கடுத்து வந்த கோடு, கொஞ்சம் எழுந்து, நேராகப் போய் விழுந்தது.

மலை இல்லாத பீஸ். ஆனால் பிரஸ் இறங்கியதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

ஏசி அறையில் அவளுக்கு அக்குள் வியர்த்தது.

*

பாகலூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஹாஸ்டலில் அவள் அறையில் இன்னும் மூன்று பெண்கள். ஒடிசாவிலிருந்து இரண்டு பேர், ஜார்க்கண்டிலிருந்து ஒருத்தி. நல்ல பிள்ளைகள். பொரி கொடுப்பார்கள், இவளுக்கு ஜுரம் வந்தபோது நெற்றியில் துணி போட்டார்கள். ஆனால் அவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட சீருடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சரிதாவுக்கு வாய்ஸ் அனுப்பினாள். சரிதா பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் இருந்தாள்.

"சரி, கேக்குதா? காத்து அடிக்கிதுடி. ஏய், எனுக்குப் பயமா இருக்குது. ஒருத்தருக்கு வேல போவப் போவுது, அது என்னாலடி. அந்தப் பொட்டி இருக்குது இல்ல, அது நிக்காது, அனுப்பிக்கினே இருக்கும். நம்ம கம்ப்யூட்டர்ல போர்ட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு பஃபர் இருக்கும், வர்றது அதுல ரொம்பும், நாம எடுத்துக்கினே இருக்கணும். நா இன்னா பண்ணியிருக்கறன் தெரியுமா? ஒவ்வொரு நம்பரா எடுக்கறன். எடுத்து, கோடு போட்டு, டிஸ்க்குல எழுதி, அப்புறமாதான் அடுத்தத எடுக்கறன். கோடு போடறப்ப காலைல இருந்து வந்த எல்லா மலையயும் சேத்து மறுபடி வரையுது. மத்தியானத்துக்கு மேல அதுக்கு மூச்சு வாங்குது. அதுக்குள்ள பஃபர் ரொம்பி, வர்றதெல்லாம் வழிஞ்சு போயிடுது. போனத நா காலியாவும் உடல. முன்னால இருக்கற புள்ளியயும் பின்னால இருக்கற புள்ளியயும் சேத்துக் கோடு இழுத்துட்டன். அதான் மலையே இல்லாத மாதிரி தெரியுது. மெதுவா போடறவங்களுக்கு ஒண்ணும் ஆவல. அந்தம்மா வேகமா போடுது, அதனால அதோடது மட்டும் போவுது. நல்லா வேல செய்யறதாலதான் போவுதுடி. சார்கிட்ட சொன்னா என்னைய அனுப்பிடுவாங்க. ஊட்டுக்குப் போனா எங்கப்பா மறுபடி அனுப்ப மாட்டாரு. சரி, நீ டூட்டி முடிஞ்சதும் கூப்புடுடி."

ஒரு டிக்கோடு நின்றது. சரிதாவின் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். காவியா இன்னொன்று அனுப்பினாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் பல. ஒடிசாப் பெண் வந்து துணிகளை எடுத்துக்கொண்டு, இவள் முகத்தைப் பார்த்து "கியா ஹுவா?" என்றாள், என்ன ஆயிற்று என்று. காவியா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

*

சனிக்கிழமை ஹரீஷ்குமார் சார் லீவு, பெங்களூரு போயிருந்தார். காவியா அவருக்கு ஒரு மெசேஜ் எழுதினாள், அழித்தாள். சும்மா சந்தேகத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம், முதலில் நிஜம்தானா என்று பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டீ இடைவேளையில் பிரஸ் சும்மா நின்றது. சென்னகிருஷ்ணனிடம் கேட்டுக்கொண்டு, தானே ஒரு பீஸை வைத்து அழுத்தினாள். அறைக்கு ஓடிவந்து பார்த்தாள். மலை. மறுபடி ஓடிப்போய் இன்னொன்று. மலை. இன்னொன்று. அழகாக, குறையில்லாமல், மலை.

பெயிண்ட் பொட்டு ஒட்டிய விரலோடு திரைமுன் நின்றபோது அவளுக்குப் புரிந்தது. அவள் பிரஸ்ஸிலிருந்து அறைக்கு ஓடி வருகிற நேரம் கம்ப்யூட்டருக்குப் போதும். தேங்கியதையெல்லாம் எடுத்து வரைந்து முடித்துவிடும். புரோகிராம் எழுதிய புதிதிலும் இப்படித்தான் சோதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் யாருமில்லாமல், ஒவ்வொரு பீஸாக, தானே வைத்து தானே ஓடிவந்து. 'நீ போடு, நான் பார்க்கறேன்' என்று சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. ஒரு ஆள் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அண்ணா, யாராச்சும் ஒருத்தர கொஞ்ச நேரம் உடறீங்களா? பிரஸ்ல வேகமா போடணும்."

"ஏம்மா அஞ்செட்டி, இங்க ஆளே கெடைக்கல. நீ சொம்மா வெளையாட ஆள் கேக்கற." சென்னகிருஷ்ணன் டீயை உறிஞ்சினார். "வேகமா போடறதுன்னா பூங்கொடிதான். அதுவே திங்கக்கிழம வராதாம். அதுக்கே நான் மண்டய பிச்சிக்கினு இருக்கறன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"காண்ட்ராக்டர் சொல்லிட்டான் நேத்து சாயந்தரமே. மூஞ்சப் பாக்கல நீ?"

பார்த்திருந்தாள். பார்க்காதமாதிரி உள்ளே வந்திருந்தாள்.

மதியம் கேண்டீனில் பூங்கொடி கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அவளைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். இன்று அந்த நாலு பேரும் வேறு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். காவியா தன் தட்டோடு போய் எதிரே நின்றாள்.

"அக்கா, இங்க உக்காரலாங்களா?"

"பெஞ்சு என்ன எங்க அப்பன் வீட்டுதா? உக்காரு." பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். "நீ அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்க பிள்ளதானே. என்ன, களவாணி எப்படிச் சாப்பிடுதான்னு பாக்க வந்தியா?"

"இல்லக்கா."

"பதினோரு வருசமா இந்தக் கை பிரஸ் போடுது, மூணு கம்பெனியில. ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்பம் படம் சொல்லுதாம், நான் கையால தள்ளுதேன்னு. படத்துக்குத் தெரியுமா நான் என்ன செய்யுதேன்னு?"

காவியாவின் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சொல்ல நினைத்த வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"அக்கா, சாப்ட்டு முடிச்சிட்டு ஒரு பத்து நிமிசம் பிரஸ்ல பீஸ் போடறீங்களா? நீங்க எப்பவும் போடற மாதிரியே. நா உள்ள பாக்கணும்."

"எதுக்கு? கடைசியா ஒருக்க கையும் களவுமா புடிக்கவா?"

"நீங்க போட்டாதாங்க்கா தெரியும். வேற யாரு போட்டாலும் தெரியாது."

பூங்கொடி பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

காலையிலிருந்து சேர்ந்த மலைகள் எல்லாம் திரையில் நின்றன. பூங்கொடி போட ஆரம்பித்தாள். காவியா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். டங், டங் என்று பிரஸ் ஓசையும் திரையில் கோடும் முதலில் சேர்ந்து போயின. கொஞ்ச நேரத்தில் கோடு பின்தங்கியது. பிரஸ் நாலு முறை இறங்கியது. திரையில் இரண்டு மலையும் இரண்டு நேர்கோடும் வந்தன.

"அக்கா, போதும்! வாங்க, பாருங்க."

பூங்கொடி கையுறையோடு உள்ளே வந்தாள். அந்த அறைக்குள் அவள் வருவது அதுதான் முதல்முறை. காவியா விரலால் காட்டினாள். இது நீங்கள் அழுத்தியது. இதுவும் நீங்கள் அழுத்தியதுதான், நானும் பார்த்தேன். பெட்டி ஒழுங்காக அனுப்பியது. வாங்குகிற இடத்தில் வழிந்துபோனது. எழுதியது நான்.

"அப்பம் நான் அழுத்தியிருக்கேன்."

"ஆமாங்க்கா."

"உனக்கு எப்பம் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "நேத்து சாயந்தரம்" என்றாள்.

"நேத்தே தெரியுமா?" பூங்கொடியின் குரல் உயரவில்லை. "நேத்து ராத்திரி பூரா நான் ஒறங்கல பிள்ள. எம் மவ கேக்கா, ஏம்மா ஒரு மாதிரி இருக்கன்னு. என்னன்னு சொல்லுவேன் அவகிட்ட? நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சரி பண்ணிட்டு சார்கிட்ட சொல்லிடறங்க்கா. அவரு லீவு."

"சரி பண்ணலைன்னா சொல்லமாட்டியோ?"

அவள் போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

*

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் விளக்கு போடவில்லை. சென்னகிருஷ்ணன் போனில் சொல்லி வைத்திருந்ததால் செக்யூரிட்டி உள்ளே விட்டார். காவியா தன் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கேண்டீனில் தட்டுகளைப் போடுகிற ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. சாப்பாடு முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஜன்னலில் நிற்கும் சாந்தம்மா தட்டைக் கழுவமாட்டாள். வாங்குவாள், பின்னால் அடுக்குவாள், அவ்வளவுதான். கழுவுகிறவர்கள் உள்ளே. அவளே ஒவ்வொரு தட்டாகக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டினால், வரிசை கேட் வரைக்கும் நிற்கும். மனிதர்கள் நிற்பார்கள். அந்தப் பெட்டி நிற்காது, கீழே போட்டுவிட்டுப் போய்விடும்.

அதையே எழுதினாள். போர்ட்டிலிருந்து வாங்குவதற்கென்று ஒரு தனி வேலை. அது எண்ணைப் பார்க்காது, வரையாது, ஒவ்வொன்றாக எடுக்காது. வந்து கிடப்பதை மொத்தமாக அள்ளி மெமரியில் ஒதுக்கிய பெரிய இடத்தில் கொட்டிவிட்டு உடனே திரும்பும். இன்னொரு வேலை, பின்னால் நின்று அதை எடுத்து எண்ணாக்கிச் சேர்ந்தாற்போல டிஸ்க்கில் எழுதும். படம் கடைசி. ஒரு பீஸ் முடிந்த பிறகு, அந்த ஒரு பீஸுக்கு மட்டும், ஒரே ஒரு மலை. நேரமில்லையென்றால் அதுவும் வேண்டாம்.

மலைகளை அடுக்கும் வரிகளை அழிக்கும்போது கை நின்றது. இனி சென்னகிருஷ்ணன் எதைக் கேட்டுக் கதவைத் திறப்பார்? அழித்தாள்.

இன்னொன்றும் செய்தாள். பெட்டி தான் அனுப்பும் ஒவ்வொரு கட்டுக்கும் வரிசை எண் போட்டிருந்தது. அவள் இதுவரை அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது வரிசையில் ஒரு எண் விட்டுப்போனால் புரோகிராம் கோடு இழுக்காது. 'தகவல் தவறியது' என்று சிவப்பில் எழுதிவிடும். இல்லாததை இருப்பதுபோல இனிக் காட்டாது.

முடித்துவிட்டு பிரஸ் பக்கம் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு பீஸ் போட்டுப் பார்க்கலாம். மலை வரும். அதனால் ஒன்றும் தெரியாது. இந்த ஷெட்டில் தனியாக இருந்துகொண்டு இது சரியா தப்பா என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியாது.

போன் ஒலித்தது. சரிதாவின் வாய்ஸ். அவசரமாகக் காதில் வைத்தாள்.

"ஏய் லூசு, ஒரேடியா ஒம்போது வாய்ஸ் அனுப்பிக்கிறியே, எதன்னு நான் கேக்கறது? மொத ரெண்டு கேட்டன், அப்புறம் தூங்கிட்டன்டி. யாருக்கோ வேல போச்சா? உனுக்கா? சுருக்கமா சொல்லு. நா டூட்டிக்குப் போறன்."

காவியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. 'எனுக்கு இல்லடி' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

*

திங்கள் காலை கேட்டில் பூங்கொடி கார்டை மெஷினில் காட்டினாள். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பச்சை எரியவைத்து உள்ளே போனார்கள். அவள் சாப்பாட்டுப் பையோடு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

காவியா அதை ஷெட் வாசலிலிருந்து பார்த்தாள். ஹரீஷ்குமார் சாரின் மேசைக்குப் போனாள்.

"சார், பூங்கொடி அக்காவ உள்ள உடணும் சார்."

"குட் மார்னிங் காவியா," என்றார் அவர். "அது முடிஞ்ச விஷயம்."

"அவங்க அழுத்தினாங்க சார். என் புரோகிராம்தான் விட்டுடுச்சு."

அவர் லேப்டாப்பை மூடினார். அவள் சொன்னாள். முன்னும் பின்னுமாக, நடுவில் இங்கிலீஷ் வார்த்தை மறந்துபோய், 'வழிஞ்சிடுச்சு சார், வழிஞ்சிடுச்சு' என்று இரண்டு முறை சொன்னாள். அவர் முகத்தில் முதலில் எரிச்சல்தான் இருந்தது.

"சரி. காட்டு. மாரிமுத்துவ போடச் சொல்லு."

"மாரிமுத்து அண்ணன் போட்டா வராது சார்."

"ஏன்?"

"அவரு மெதுவா போடுவாரு. பூங்கொடி அக்கா போட்டாதான் தப்பு தெரியும். சரியாயிடுச்சான்னும் அவங்க போட்டாதான் தெரியும்."

அவர் கேட்டுக்குப் போன் போட்டார்.

பூங்கொடி யாரையும் பார்க்காமல் நேரே பிரஸ்ஸுக்கு வந்தாள். சென்னகிருஷ்ணன் லைனை நிறுத்திவிட்டு வந்து நின்றார். காவியா முதலில் பழைய புரோகிராமை வைத்து, வெள்ளிக்கிழமை மலைகளையெல்லாம் திரையில் ஏற்றினாள். பூங்கொடி போட்டாள். சார் ஒரு கண்ணால் பிரஸ்ஸையும் ஒரு கண்ணால் திரையையும் பார்த்தார். பிரஸ் இறங்கியது, கோடு நேராகப் போனது. பிரஸ் இறங்கியது, கோடு நேராகப் போனது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இப்ப புதுசு" என்றாள் காவியா. வேலை செய்யாவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து முடிந்தது.

பூங்கொடி போட்டாள். கோபத்தில் எப்போதையும்விட வேகமாகப் போட்டாள். ஒரு டிரே முழுதாகத் தீர்ந்தது. இன்னொரு டிரே. மலை, மலை, மலை. சிவப்பு எழுத்து ஒருமுறைகூட வரவில்லை. அழுத்தியது எத்தனையோ அத்தனையும் இருந்தது.

"டெஸ்ட் பண்ணப்ப ஏன் தெரியல?" என்றார் சார்.

"தனியா பண்ணன் சார்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பழைய கிராஃப் நல்லா இருந்துச்சு. நாளைக்கு கஸ்டமர் வரப்ப மட்டும் அத ஓட விடலாமா?" என்றார்.

"ஓட விட்டா மறுபடி நம்பர விட்டுடும் சார்."

"ஒரு அரைமணி நேரம்தானே."

"அந்த அரைமணி நேரத்துப் பீஸும் பிரேக்குலதானங்க சார் போவும்."

தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்துபோனாள். சென்னகிருஷ்ணன் இருமலை அடக்குவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் மலை இல்லாமல் பதிவான பீஸ்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அழுத்திய பீஸ்கள்தான். ஆனால் அதைக் காட்ட எண் இல்லை. வழிந்துபோனது திரும்ப வராது. எல்லாவற்றையும் தேடி எடுத்து ஸ்கிராப்பில் போடச் சொன்னார் சார். பூங்கொடி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல பீஸயெல்லாமா ஒடைக்கப் போறிய?"

சிவப்புத் தொட்டியில் அவை விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது. கண்ணாடிக் கதவை மூடினால் கேட்காது. காவியா மூடவில்லை.

*

கஸ்டமர் வந்தார்கள், ஒற்றை மலையை ஒரு பார்வை பார்த்தார்கள், ஏசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காவியாவை அனுப்பவில்லை. டிரெயினி காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். பூங்கொடியின் கார்டுக்குப் பச்சை எரிந்தது. அந்த நாலு பேரும் மறுபடி அவள் மேசைக்கே வந்தார்கள். காவியா ஒருநாள் தட்டோடு அந்தப் பக்கம் போனாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, பூங்கொடியும் நிமிரவில்லை. திரும்பி வந்து வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

அறைக்கு இப்போது யாரும் வருவதில்லை. பார்க்க ஒன்றுமில்லை. சென்னகிருஷ்ணன் மட்டும் ஒருமுறை கதவைத் திறந்து, திரையைப் பார்த்து, "இன்னாம்மா, எல்லா மலையும் வித்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீ வண்டி தாண்டிப் போனது.

ஆனால் பூங்கொடிக்கு அந்த அறைமேல் நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒன்று செய்துகொண்டிருந்தாள். ஒரு டிரே முடிந்ததும் அடுத்த டிரேயை எடுக்கமாட்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி, முகவாயை ஒருமுறை தூக்கிக் காட்டுவாள். வந்துச்சா? சிரிப்பு கிடையாது, கோபமும் கிடையாது. கணக்குக் கேட்கிற முகம். காவியா தலை குனிந்து எதையாவது செய்துகொண்டிருந்தால், நிமிரும்வரை அப்படியே நிற்பாள். லைன் முழுவதும் நிற்கும். சென்னகிருஷ்ணன் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது வாயசைவில் தெரியும்.

அதனால் காவியா இப்போதெல்லாம் தலையைக் குனிவதில்லை. டிரேயில் கடைசிப் பீஸ் இறங்குவதற்கு முன்பே வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பூங்கொடி கடைசிப் பீஸை வைத்தாள். திரும்பினாள். முகவாயைத் தூக்கினாள்.

காவியா திரையைப் பார்த்தாள். எல்லாம் வந்திருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அதைப் பார்த்த பிறகுதான் பூங்கொடி அடுத்த டிரேயைத் தன் பக்கம் இழுத்தாள்.